டிரெயிலர் இழுத்த காலமும் மூன்றாவது வரியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் கடைசி வருடம், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்ற நாள்தான் அதிகம். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஸ்டெல்லா. ஷார்ஜாவில் நான் ஓட்டிய பிக்கப்பை எனக்குப் பிறகு ஓட்டுகிறவள். போன வாரம் வாய்ஸ் அனுப்பியிருந்தாள். "பாக்கியம்க்கா, புது வண்டி வந்திருக்கு. டிரெயிலர மாட்டிட்டு ஒரு சுத்து போனா அதுவே நீளத்த அளந்துக்குதாம். நாம ஒண்ணும் அழுத்த வேண்டாமாம். நீங்க அழுத்துன கதைய இங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சிரிக்கிறாங்க. எது நெசம்னு நீங்களே எழுதி குரூப்புல போடுங்களேன்."

நானும் வாய்ஸிலேயே சொல்லியிருக்கலாம். என் குரலை நானே கேட்டால் எனக்குக் கூச்சம். அதனால் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரர் சவுதியில் ஜுபைலில் கேம்ப்பில் இருந்து வேலை பார்த்தவர். இடுப்பு போய் ஊருக்கு வந்துவிட்டார். அவருக்குப் பதில் நான் கிளம்பினேன். ஷார்ஜாவில் கல்யாணச் சாப்பாடு செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஒன்பது வருடம் கழுவினேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பாத்திரத்தைப் பார்த்தால் போதும். எனக்கென்றே செய்த வேலை அது.

அதை ஏன் விட்டேன் என்று சொல்ல வேண்டும். அங்கே அரபிக்காரர்கள் கல்யாணத்தில் பெண்களுக்குத் தனி மண்டபம். பெண்கள் வர ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்க கேட்டுக்குள் ஆண் ஒருத்தர் நுழைய முடியாது. சமையல்காரர், எலக்ட்ரீசியன், டிரைவர் யாராயிருந்தாலும் மாஃபி, கிடையாது. ஒருநாள் எங்கள் டிரைவர் ராஜஸ்தான்காரர் டிரெயிலரை கேட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆட்டுக்கறிச் சோறு அடுக்கிய பெட்டிகளை நாங்கள் ஆறு பெண்கள் மணலில் இழுத்துக்கொண்டு போனோம். மறுநாள் எங்கள் மேடம் வந்து நின்றார். அவர்தான் முதலாளி. "உங்களில் யார் வண்டி ஓட்டப் படிக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். ஆனால் நான் எப்போதுமே குனிந்துதான் நிற்பேன் என்பதால், என் குனிவை மேடம் 'சரி' என்று எடுத்துக்கொண்டார். "யல்லா பாக்கியம், கலாஸ்" என்றார். கிளம்பு, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

டிரைவிங் ஸ்கூல் கதையை நீட்ட மாட்டேன். கம்ப்யூட்டர் பரீட்சை தமிழிலேயே இருந்தது, காதில் வாசித்தும் சொன்னது. அதில் தேறிவிட்டேன். ரோட்டுப் பரீட்சையில் ஐந்து தடவை தோற்றேன். காரணம் கண்ணாடி. வண்டியில் மூன்று கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்தவுடன் கை தானாக முன்முடியை ஒதுக்கப் போகும். சொல்லிக்கொடுத்த பாகிஸ்தான்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "அம்மாஜி, உங்க அழக அப்புறம் பாருங்க, பின்னாடி லாரிய பாருங்க!" ஆறாவது தடவை கையை ஸ்டியரிங்கில் கயிறு கட்டினதுபோல் வைத்துக்கொண்டு தேறினேன்.

அதற்கப்புறம்தான் டிரெயிலர். அதைச் சொல்லிக்கொடுத்தது குகன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் வண்டிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனால் அவர் எதிரே நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சத்தமே போட மாட்டார். ஒரு கேள்வி கேட்பார், பிறகு சட்டைப் பையிலிருந்து கச்சான் எடுத்து ஒவ்வொன்றாகத் தோலை உரித்துக்கொண்டு காத்திருப்பார். கச்சான் என்றால் நம் வேர்க்கடலை. திட்டினால்கூடத் தாங்கலாம். அந்தத் தோல் உரிபடுகிற சத்தத்தைத் தாங்க முடியாது.

அவர் வைத்திருந்த முறை இது. வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். டிரெயிலரின் வாய் அதன்மேல் சரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் பூட்டி, பூட்டு விலகாமல் இரும்பு ஊசி போட்டு, கையால் தூக்கிப் பார்க்க வேண்டும், வரக் கூடாது. இரண்டு சங்கிலியையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாட்ட வேண்டும். கரண்டு வயரைச் சொருகி, பிரேக் லைட், இரண்டு பக்க இன்டிகேட்டர் எரிகிறதா என்று ஒருத்தி பின்னால் நின்று சொல்ல வேண்டும். இதெல்லாம் லீசாவின் பொறுப்பு. லீசா பிலிப்பைன்ஸ்காரி, என் கூடவே வண்டியில் வருகிறவள். என்னை 'ஆத்தே' என்று கூப்பிடுவாள். அவர்கள் ஊரில் அக்காவுக்கு அப்படித்தானாம். முதல் நாள் அவள் 'ஆத்தே' என்றதும் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்து நான்தான் ஓடினேன்.

சங்கிலியும் வயரும் முடிந்ததும் குகன் சார் ஈரத்துணியால் பிக்கப்பின் பின் லைட்டுகளைத் துடைப்பார். "இதுக்குள்ளதான் அக்கா அதின்ர கண் இருக்கு. மண் படிஞ்சா இதுவும் குருடு, நீங்களும் குருடு." பக்கத்தில் ஒரு வண்டி நம் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வந்தால், அந்தக் கண் பார்த்துவிட்டு, வெளிக் கண்ணாடியின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கைக் காட்டும். விளக்கு இருந்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

டிரெயிலர் மாட்டினால் இன்னொரு வேலை உண்டு. வண்டிக்குத் தன் வால் எவ்வளவு நீளம் என்று தானாகத் தெரியாது. நாம்தான் திரையில் எந்த டிரெயிலர் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னது என்றால் சின்ன தூரம் பார்க்கும், நீளமானது என்றால் வால்முனை வரை பார்க்கும். "திரைக்கு டிரைவர்தான் பொறுப்பு. வேற ஆரும் கை வைக்கக்கூடாது," என்பார் குகன் சார்.

அதைப் புரியவைக்க அவர் ஒரு காரியம் செய்தார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, தலையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு டிரெயிலரைச் சுற்றி நடந்தார். வாளி கண்ணாடியில் மறைகிற இடத்தில் நான் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்ததும் அவர் குனிந்து தரையில் சாக்கட்டியால் கோடு போடுவார். கடைசியில் இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு கல்யாணப் பந்திப் பாய் விரிக்கிற அளவுக்கு இடம் கோட்டுக்குள் கிடந்தது.

"இதுக்குள்ள ஒரு குடும்பமே காரில வரலாம் அக்கா. உங்களுக்குத் தெரியாது. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சு சார்" என்றேன். அது விளங்கிற்று. விளங்காதது வேறு ஒன்று. திரையில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. லைசன்ஸ் வைத்திருக்கிற பொம்பளை என்று கேம்ப்பில் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால் ஒரு தந்திரம். திரையில் மூன்று வரி. மேலே சின்ன டிரெயிலர், நடுவில் பாத்திரம் கழுவுகிற டிரெயிலர், அதுவும் சின்னதுதான். மூன்றாவது வரி நீள டிரெயிலர். தட்டு, நாற்காலி, சூடுபெட்டி எல்லாம் ஏற்றுகிற பெரிய வால். குகன் சார் அழுத்தும்போது எண்ணி வைத்துக்கொண்டேன். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "லாங் டிரெயிலர் செலக்டட்" என்று வாயால் வேறு சொல்வேன். லீசா கைதட்டுவாள்.

எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. குகன் சார் அதில் இங்கிலீஷில் ஏதாவது போடுவார். எல்லாரும் கட்டைவிரல் போடுவார்கள். நானும் போடுவேன். உண்மையைச் சொன்னால் முதல் கட்டைவிரல் என்னுடையதாகத்தான் இருக்கும். படிக்க வேண்டியவர்களுக்கு நேரம் ஆகும், எனக்கு அந்தச் சிரமம் இல்லையே.

இனி அந்த நாள். தைத் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மத்தியானம் மூன்று மணி, வெயில். நீள டிரெயிலர். லீசா ஊசி, சங்கிலி, வயர் எல்லாம் பார்த்து, பின்னால் நின்று "ஓகே ஆத்தே" என்றாள். நான் மூன்றாவது வரியை அழுத்தினேன். கிளம்பினோம். மண்டபத்துக்குப் பிரிகிற ரோடு வருமுன் வலது வரிசைக்குப் போக வேண்டும். இன்டிகேட்டர் போட்டேன். கண்ணாடி பார்த்தேன், காலி. ஆரஞ்சு விளக்கு பார்த்தேன், இல்லை. மெதுவாக வலது பக்கம் சாய்த்தேன்.

முதலில் ஹாரன் கேட்டது. பிறகு தகரம் தேய்கிற சத்தம். டிரெயிலரின் வால்முனை ஒரு சின்ன வெள்ளைக் காரை ரோட்டை விட்டு மணலுக்குள் தள்ளியிருந்தது.

இறங்கி ஓடினேன். மலையாளி ஒருத்தர், முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "சேச்சி, கண்ணு கண்டூடே?" என்று கத்தினார், கண் தெரியாதா என்று. நான் அவரைப் பார்க்கவில்லை. காரின் பின் சீட்டைப் பார்த்தேன். குழந்தை உட்கார்கிற நாற்காலி கட்டியிருந்தது. அதில் ஒரு சிவப்புத் தொப்பி. காலியாக இருந்தது. "கொச்சு இல்ல, கொச்சு நர்சரியிலா" என்று அவரே சொன்னார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. கொச்சு என்றால் குழந்தை. அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து எனக்குக் கொடுத்தார். இடித்தவளுக்கு இடிபட்டவர் தண்ணீர் கொடுத்தார்.

போலீஸ் வந்தது. தப்பு என்னுடையது என்று சிவப்புச் சீட்டு கொடுத்தார்கள். குகன் சார் வேறு வண்டி கொண்டுவந்து டிரெயிலரைக் கழற்றி மண்டபத்துக்கு அனுப்பினார். கச்சான் எடுக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"லைட் பத்தினதோ?"

"இல்ல சார்."

"சரியான டிரெயிலரைத்தானே அமத்தினீங்கள்?"

"ஆமா சார்." அப்போது அது பொய் இல்லை. மூன்றாவது வரியைத்தானே அழுத்தினேன்.

அவர் யோசித்தார். மெதுவாகச் சொன்னார், "அப்ப வயர்தான். சரியாச் சொருகேல்ல, வழியில கழண்டிருக்கும். வண்டிக்கு வால் இருக்கெண்டே தெரிஞ்சிருக்காது." சொல்லிவிட்டு லீசாவைப் பார்த்தார்.

லீசாவுக்கு அந்த மாதம்தான் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் மேடம் சொல்லிவிட்டார், புதுப்பிக்கப் போவதில்லை என்று. லீசா அழுதாள். "நான் சொருகினேன் ஆத்தே, டிக் என்று சத்தம் கேட்டதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது. ஆனால் அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது அன்று சாயங்காலம். யார்டில் நின்ற பிக்கப்பிலிருந்து என் செருப்பையும் சீப்பையும் எடுக்கப் போனேன். ஏனோ சாவியைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நான்கு வரி.

மறுபடி எண்ணினேன். விரலை வைத்து எண்ணினேன். நான்குதான். இறங்கிப் போய் நீள டிரெயிலரின் பின்பக்கம் பெயின்ட்டில் எழுதியிருந்த எழுத்தைப் படம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வந்து, திரையோடு ஒட்டிப் பார்த்தேன். அது நான்காவது வரியில் இருந்தது. மேலே ஏதோ புதிதாக வந்து உட்கார்ந்து எல்லாரையும் ஒரு படி கீழே தள்ளியிருந்தது. நான் அழுத்தியது பாத்திரம் கழுவுகிற டிரெயிலரை. என் வண்டி பாதி வாலுக்குத்தான் காவல் இருந்திருக்கிறது. அந்த வெள்ளைக் கார் மீதிப் பாதியில் வந்தது. சாக்கட்டிக் கோட்டுக்குள்.

யார் மேலே சேர்த்தார்கள்? எனக்குத் திடீரென்று குரூப் ஞாபகம் வந்தது. போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் குகன் சார் போட்ட ஒரு நீள மெசேஜ். அதற்குக் கீழே முதல் கட்டைவிரல், பாக்கியம்.

அதை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது? அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ரூமுக்குப் போய் லீசாவிடமே நீட்டினேன். "லீசா, மூக்குக் கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், இது என்னன்னு பாரேன்." எனக்குக் கண்ணாடியே கிடையாது. அவளும் அதை அறிவாள்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்து, எங்கள் அரைகுறை இந்தியில் சொன்னாள். ஐஸ், ஜூஸ் கொண்டுபோக ஒரு புது டிரெயிலர் வாங்கியிருக்கிறார்களாம். திரையில் அதை முதலில் சேர்த்திருக்கிறாராம். வரிசை மாறிவிட்டது, எல்லா டிரைவரும் இனி பெயரை வாசித்துவிட்டு அழுத்த வேண்டும் என்று எழுதியிருந்தாராம். வாசித்து முடித்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

போனை என் கையில் கொடுத்துவிட்டு, துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். பெட்டி கட்டுகிற மடிப்பு. அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அந்த மடிப்புக்குச் சொல்ல எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

அப்படியும் நான் உடனே போய்ச் சொல்லிவிடவில்லை. சொன்னேன் என்று எழுத ஆசைதான். இன்னும் ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டு சோறு தின்றேன். சொன்னால் டிரைவர் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, ஒன்பது வருடம் கழுவின கை. 'இத்தனை நாள் வாசிக்கத் தெரியாமலா ஓட்டினாள்' என்று கேம்ப் முழுக்கச் சிரிக்குமே, அதுதான் என்னைத் தடுத்தது. ஒருத்தியின் பிழைப்பும் என் வெட்கமும் தராசில். வெட்கத்தின் பக்கம் தட்டு தாழ்ந்தே கிடந்தது.

மறுநாள் காலை குகன் சார் எங்கள் இரண்டு பேரையும் யார்டுக்குக் கூப்பிட்டார். நீள டிரெயிலரை மாட்டி வைத்திருந்தார். திரையை அவரே அழுத்தினார். ராஜஸ்தான்காரரை ஒரு காரில் டிரெயிலர் வாலுக்குப் பக்கத்தில் மெல்ல வரச் சொன்னார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இரண்டாவது தடவையும் எரிந்தது.

"பாத்தீங்களோ, மெஷினில பிழை இல்லை" என்றார். "லீசாவப் பத்தி மேடமுக்கு ரிப்போர்ட் இண்டைக்குக் குடுக்கோணும்." அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

லீசா என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து நிற்பது என் வேலை. அதை அவள் செய்துகொண்டிருந்தாள்.

"சார்" என்றேன்.

"சொல்லுங்கோ அக்கா."

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது சார்."

பேனா நின்றது. எதிரே யாரோ ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் விடாமல் சொன்னேன், விட்டால் திரும்ப வராது என்று. மூன்றாவது வரி, எண்ணி அழுத்தியது, கட்டைவிரல், இல்லாத கண்ணாடி எல்லாம். சொல்லும்போது கை தானாக முன்முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

அவர் பையில் கை விட்டார். ஒரு கச்சான். இரண்டு கச்சான். மூன்றாவதை உரிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இரண்டு வருசமா எண்ணியோ ஓடினனீங்கள்?"

"ஆமா சார்."

"'லாங் டிரெயிலர் செலக்டட்' எண்டு சொல்லுவீங்களே அக்கா!"

"அது மனப்பாடம் சார்."

லீசாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்து என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். குகன் சாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கிற்று. பிறகு திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"அந்தப் பின் சீட்டில பிள்ளை இருந்திருந்தா, அக்கா?"

எனக்கு அந்தச் சிவப்புத் தொப்பிதான் தெரிந்தது.

எழுதின தாளை அவர் கிழித்தார். புதிதாக எழுதும்போது இன்னொன்றும் சொன்னார். "என்னிலயும் பிழை இருக்கு. மெசேஜுக்கு எத்தனை பெருவிரல் விழுந்ததெண்டு எண்ணினன். முதல் ஆளா நீங்கள் போட்டிருந்தீங்கள். எண்ணிப்போட்டுப் பேசாமப் படுத்திட்டன்." நான் வரியை எண்ணினேன், அவர் விரலை எண்ணினார்.

லீசாவின் விசாவைப் புதுப்பித்தார்கள். என்னைக் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். பெரிய அண்டாவைத் தேய்க்கும்போது யாராவது வந்து "அக்கா, இது எத்தனாவது வரி?" என்று கேட்பார்கள். சிரிப்புக்கு ஆள் செத்துப்போவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மலையாளி அண்ணனுக்கு நான் போன் செய்து, வாசிக்கத் தெரியாமல் அழுத்தினேன் என்று சொன்னேன். "சேச்சி எண்ணல்லே, படிக்கு" என்றார். எண்ணாதே, படி.

இரண்டு மாதம் கழித்துக் குகன் சார் மறுபடி ஓட்டக் கூப்பிட்டார். அதற்குள் டிரெயிலர்களின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு ஆள் உயரத்துக்கு நம்பர் எழுதியிருந்தார். திரையிலும் அதே நம்பர். நம்பர் எனக்கு வாசிக்கத் தெரியும். லீசா தினமும் இரண்டு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். டிரெயிலர் என்ற சொல்லை வாசிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்தச் சொல்லின் வாலில்தான் கடைசி வரை தடுமாறுவேன். குரூப்பில் கட்டைவிரல் போடுவதை நிறுத்தினார்கள். மெசேஜ் வந்தால், என்ன புரிந்தது என்று அவரவர் பாஷையில், சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஆறு வருடம் ஓட்டினேன், யாரையும் தொடவில்லை. வரிசை மாறும்முன் விளக்கையும் பார்ப்பேன், கழுத்தையும் திருப்புவேன், லீசாவையும் கேட்பேன். மூன்றும் சரி என்றால்தான் ஸ்டியரிங் நகரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஸ்டெல்லா, உன் புது வண்டி தானே அளந்துகொள்ளட்டும். அளந்து முடித்ததும் திரையில் எத்தனை அடி என்று காட்டுமாம். அதை நீ வாசி. வாசித்ததை, இப்போது உன் கூட வருகிற லீசாவிடம் வாய்விட்டுச் சொல்.

இதில் எனக்குச் சந்தேகம் உள்ளவை சில உண்டு. புது டிரெயிலர் ஐஸுக்கா, ஜூஸுக்கா, இரண்டுக்குமா என்று சரியாக ஞாபகமில்லை. மெசேஜ் வந்தது விபத்துக்கு இரண்டு நாள் முன்னாலா மூன்று நாள் முன்னாலா என்று குகன் சார்தான் சொல்ல வேண்டும். சங்கிலி, ஊசி, வயர் வரிசையை லீசா ஒரு தடவை பார்க்கட்டும், யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், இது தமிழ். தப்பு இருந்தால் எது தப்பு என்று வாய்ஸில் சொல்லுங்கள். இதற்குக் கீழே யாரும் கட்டைவிரல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.